பயமும் வேணும், சிரிப்பும் வேணும்: தோட்டப் பட்டணத்துச் சிறுவர் மர்ம நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை படிக்கும் பிள்ளைகள், அதாவது 9 வயதிலிருந்து 12 வயது வரை உள்ளவர்கள், ஒரு கதைப்புத்தகத்திடம் மூன்றை ஒரே நேரத்தில் கேட்பார்கள். ராத்திரி கக்கூசுக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்க வேண்டும். வகுப்பில் ஒளித்து வைத்து வாசிக்கும்போது சிரிப்பை அடக்க முடியாமல் டீச்சரிடம் மாட்ட வேண்டும். கடைசியில், "அட, இது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணுமே!" என்று தலையில் தட்டிக்கொள்ள வேண்டும். ஒன்று குறைந்தாலும் புத்தகத்தை மூடிவிட்டுக் கைப்பேசியைத் தேடுவார்கள்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் வார இறுதிகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன், அவர்களை எழுதவும் வைக்கிறேன். அங்கே எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்பதை வைத்தே இந்த வழிகாட்டி. தோட்டத்தையும் அதை ஒட்டிய சின்னப் பட்டணத்தையும் களமாக வைத்து எழுத நினைப்பவர்களுக்கு இது உதவும்.

முதலில் ஓர் அடித்தளம்: பயம் நான்கு வகை

திகில், நகைச்சுவை, மர்மம் மூன்றையும் கலப்பது இறக்குமதிச் சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். முருங்கை மரத்தில் தொங்கிய வேதாளம் என்ன செய்தது? பிணத்துக்குள் இருந்துகொண்டு ராஜாவைக் கேலி பண்ணியது, புதிர் போட்டது. மூன்றும் அங்கேயே இருக்கின்றன.

இன்னும் பின்னால் போனால் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் எழுதுகிறவனுக்கு உதவும் சூத்திரம் ஒன்று இருக்கிறது. "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே." தெய்வமும் பேயும் ஒரு பயம், மிருகம் ஒரு பயம், திருடன் ஒரு பயம், நம்மை ஆளுகிறவன் ஒரு பயம். இலக்கண வகுப்பில் இதை மனப்பாடம் செய்து மறந்திருப்போம். ஆனால் வரிசையைப் பாருங்கள், சிறுவர் மர்ம நாவலின் நான்கு பாகங்கள் கையில் கிடைத்துவிடும்.

பிள்ளைகள் முதலில் பேய் என்று நம்புகிறார்கள். பிறகு அது ஏதோ பிராணி என்று தெரிகிறது. பிராணியின் மறைவில் ஒரு திருடன் இருப்பது அடுத்துத் தெரிகிறது. கடைசியில் திருடனைவிடப் பெரிய பயம் ஒன்று, மேலே இருப்பவரிடமிருந்து வருவது, ஆரம்பத்திலிருந்தே எல்லார் கண்முன்னும் இருந்திருக்கிறது. இந்த நான்காவது படியைப் பெரும்பாலானவர்கள் எழுதுவதில்லை. திருடனைப் பிடித்ததும் முற்றும் போட்டுவிடுகிறார்கள். தோட்டத்துக் கதைக்கு உயிர் அந்த நான்காவது படியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

முதல் படி: குற்றத்தை முதலில் எழுதுங்கள்

முதல் அத்தியாயத்தில் கைவைக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, குற்றவாளியே பேசுவதுபோல என்ன செய்தான், ஏன் செய்தான், எப்படி மறைத்தான் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். அந்தப் பக்கம் புத்தகத்தில் வராது, ஆனால் புத்தகம் முழுக்க அதன்மேல்தான் நிற்கும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டே மேலே போகலாம். செம்பனைத் தோட்டம். மேட்டில் பழைய துரை பங்களா, ஆள் இல்லை. பின்பக்கம் யாரும் வெட்டாத பத்துப் பதினைந்து கிழட்டுப் பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள். கீழே தொழிலாளர் வீட்டு வரிசையான லயம், கோயில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம். அரை மைல் தள்ளிப் பட்டணம். சில ராத்திரிகளில் பங்களாவில் வெளிச்சம் நடமாடுகிறது, அலறல் கேட்கிறது.

குற்றவாளி பட்டணத்து ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் போடும் அண்ணன். ஊரிலேயே பேய்க்கதை நன்றாகச் சொல்லுகிறவர் அவர்தான். பிள்ளைகளுக்கு உயிர். தோட்டத்தில் வெட்டி அடுக்கிய செம்பனைக் குலைகளை ராத்திரியில் கடத்தி, பங்களாக் கொட்டகையில் மறைத்து, விடிவதற்குள் லோரியில் ஏற்றிவிடுகிறார். அந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது, அதற்குத்தான் பேய்க்கதை.

இங்கே தொழில் தெரிந்திருப்பது கைகொடுக்கும். செம்பனைக் குலையை வெட்டி வைத்துக்கொண்டு நாள் பார்க்க முடியாது. ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். ஒரே நிரைக்கு வெட்டுக்காரர்கள் திரும்பி வருவது 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை. அப்படியானால் திருட்டும் அதே முறையில்தான் நடக்கும், பேயும் அதே முறையில்தான் வரும். பேய்க்கு ஒரு காலண்டர் கிடைத்துவிட்டது!

பிள்ளைகள் முதலில் அமாவாசையோடு ஒத்துப் பார்ப்பார்கள், பொருந்தாது. வெள்ளிக்கிழமையோடு பார்ப்பார்கள், அதுவும் பொருந்தாது. "இது ஒழுங்கில்லாத பேய்" என்று ஒருவன் முடிவு கட்டுவான். மளிகைக்கடைக் காலண்டரில் அம்மா குறித்து வைத்திருக்கும் பழம் வெட்டு நாட்களோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஒவ்வொன்றாக விழும். மர்மத்தின் பூட்டு இப்படி அந்த ஊரின் வேலையிலிருந்தே வர வேண்டும். ரகசியக் குறியீடும் புதையல் வரைபடமும் எந்த ஊருக்கும் பொருந்தும், அதனாலேயே எந்த ஊருக்கும் சொந்தமில்லை.

இரண்டாம் படி: இடத்தையும் நேரத்தையும் கையால் வரையுங்கள்

வரைபடம் போடாமல் எழுதினால் பத்தாம் அத்தியாயத்தில் கோயில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடும். பிள்ளைகள் விடமாட்டார்கள், கேட்பார்கள். லயத்திலிருந்து பள்ளிக்கு எத்தனை நிமிடம், பங்களா ஜன்னலிலிருந்து எது தெரியும், நாய் எந்த வீட்டில் கட்டியிருக்கிறது என்று எல்லாவற்றையும் குறியுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திகில் கதை என்றால் நள்ளிரவு 12 மணி என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை நள்ளிரவில் வெளியே எப்படி வந்தது என்று விளக்குவதற்குள் மூன்று பக்கம் வீணாகும். நமக்கு அது தேவையே இல்லை. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதனால் பேராக்கில் சூரியன் எழவே காலை 7 மணி சுமாராகும். தோட்டத்துப் பிள்ளைகள் ஆறரைக்கெல்லாம் புத்தகப்பையோடு பள்ளி வேனுக்கு நிற்கிறார்கள், கும்மிருட்டில். அம்மா பெரட்டுக்குப் போயிருப்பார், அப்பா வேலைக்குக் கிளம்பியிருப்பார். இதைவிட நல்ல திகில் நேரம் யாருக்குக் கிடைக்கும்? பிள்ளை வெளியே இருப்பதற்குக் காரணமும் தயார்.

பழைய கட்டடம் வேண்டுமென்றால் பத்து காஜா பக்கம் உள்ள கெல்லி கோட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் கட்டத் தொடங்கியது. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, கோட்டை பாதியில் நின்றது. மின்தூக்கிக்கு விட்ட குழி இன்னும் வெறும் குழியாகவே இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது பக்கத்து மாரியம்மன் கோயில். கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவரும் நிற்கிறார். அந்தச் சிலையை மட்டும் வைத்து ஒரு நாவல் எழுதலாம். ஆனால் கோட்டையின் பெயரைப் போட்டு எழுதாதீர்கள். சுற்றுலாத் தலம் என்றதும் பிள்ளைகள் பள்ளிப் பயணத்தை நினைத்துக்கொள்கிறார்கள், பயம் ஓடிவிடுகிறது.

மூன்றாம் படி: பேயின் பொருள்களைச் சேகரியுங்கள்

இது நீளமான படி. அவசரப்பட வேண்டாம்.

பேய் என்று தோன்றுவதற்கு உண்மையான காரணம் இருக்க வேண்டும், அது அந்த மண்ணில் கிடைப்பதாகவும் இருக்க வேண்டும். காற்றில் ஆடிய வெள்ளைத் துணி, யாரோ வைத்த ஒலிபெருக்கி போன்றவற்றைப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் நூறு தடவை பார்த்துவிட்டார்கள். தோட்டத்தில் கிடைப்பதோ அசல் சரக்கு.

பால்மரக் காய் வெயிலில் காய்ந்து வெடிக்கும். மூன்று பகுதியாகப் பிளந்து கொட்டையைத் தூரத்துக்குத் தெறிக்கும். தகரக் கூரைமேல் விழுந்தால் யாரோ கல்லெறிகிறார்கள் என்றே சத்தியம் செய்வீர்கள். நள்ளிரவுக் கல்லெறிப் பேயைவிடப் பட்டப்பகல் கல்லெறிப் பேய் பிள்ளைகளை அதிகம் பயமுறுத்துகிறது என்பது நான் கண்டது.

பால் வெட்டுக்காரர்கள் விடியும் முன்பே தலைவிளக்கோடு இறங்கிவிடுவார்கள், குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். தூரத்திலிருந்து பார்த்தால் நிரைகளுக்கு நடுவே வெளிச்சம் தானாக மிதந்து, குனிந்து, நிமிர்ந்து போகும். கொள்ளிவாய்ப் பிசாசு என்று எவனாவது சொல்லிவிட்டால் போதும். உங்கள் கதையில் பால் வெட்டே நின்றுபோன தோட்டம் என்றால் இன்னும் நல்லது. வெட்டே இல்லாத இடத்தில் தலைவிளக்கு எதற்கு?

வாசனையை மறக்காதீர்கள், எழுதுகிறவர்கள் அதிகம் கோட்டைவிடுவது அதில்தான். மூசாங் பூனை நடமாடினால் பாண்டான் இலை வாசம் வரும். ராத்திரியில் யாரும் சமைக்காத வீட்டிலிருந்து பாண்டான் மணம் வருகிறது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். மழைக்குப் பிறகு உளுத்த மரத்தில் சில காளான்கள் பச்சையாக ஒளிர்வதும் உண்டு. பட்டணத்துக் கடைவீடுகளில் மேல்மாடி ஜன்னலை அடைத்துவிட்டு, சூப்புக்கு விற்கும் பறவைக்கூடு எடுப்பதற்காகக் கீச்சுச் சத்தத்தைப் பதிவுசெய்து இரவும் பகலும் ஓடவிடுவார்கள். ஜன்னல் இல்லாத வீட்டுக்குள் ஆயிரம் பறவை கத்துகிறது, ஒன்றையும் காணோம். இதற்கு மேல் கற்பனை தேவையா?

எல்லாவற்றிலும் சிறந்தது கூகை. எலியைக் கட்டுப்படுத்துவதற்காகச் செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகையைக் குடியேற்றுகிறார்கள். வெளுத்த முகம், கறுத்த கண். இறகின் விளிம்பு சீப்புப்போல் இழை இழையாக இருப்பதால் தலைக்கு மேலே பறந்தாலும் சத்தம் கேட்காது. கூவாது, அலறும். எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத ரோமத்தையும் எலும்பையும் ஒரு கறுப்பு உருண்டையாகக் கக்கும். அந்த உருண்டையை என்னவென்று தெரியாமல் பார்ப்பவருக்கு அது அப்பட்டமான செய்வினை.

நம் உதாரணக் கதையில் துப்பறியும் பிள்ளைகள் மூவர்: கவின், தர்ஷினி, மளிகைக்கடைச் சீனப் பையன் ஆ ஹொக். அந்த உருண்டை அவர்கள் கையில் எப்படி வரும்? இப்படி:

கவினின் உள்ளங்கையில் அது இருந்தது. கோலிக்குண்டைவிடப் பெரிது. ஒரு பக்கம் மினுமினுத்தது, மறுபக்கம் ரோமம்.

"செய்வினைலா இது," என்றான் ஆ ஹொக்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க தாத்தா கடைக்கு வெங்காயம் வாங்க வர்றவங்க எல்லாம் இதத்தானே பேசுறாங்க."

தர்ஷினி குச்சியால் ஒரு குத்து குத்தினாள். உருண்டை பிளந்தது. உள்ளே நகம் அளவுக்கு ஒரு மண்டையோடு, பல்லோடு.

மூவரும் லயத்து வாசலில் வந்துதான் நின்றார்கள். கவினின் ஒரு கால் செருப்பு வரவில்லை.

பாட்டி வெற்றிலையை மென்றபடி உருண்டையை வாங்கிப் பார்த்தார். "எலி," என்றார். "இதுக்கா ஓடியாந்தீங்க? அந்தச் செருப்பு எட்டு வெள்ளி. போயி எடுத்துக்கிட்டு வா."

நான்காம் படி: துப்பைச் சிரிப்புக்குள் ஒளியுங்கள்

மேலே உள்ள காட்சியைத் திரும்பப் பாருங்கள். பாட்டி விடையைச் சொல்லிவிட்டார். எலி. எலியை விழுங்கியது எதுவோ அதுதான் அலறுகிறது. ஆனால் வாசிக்கிற பிள்ளை எட்டு வெள்ளிச் செருப்பில் சிரித்துக்கொண்டிருக்கும், எலி காதில் ஏறாது. இந்த வகை நாவலின் முக்கியமான உத்தி இதுதான். மற்றதை எல்லாம் பழகிப் பழகிக் கற்றுக்கொள்ளலாம், இதை மட்டும் திட்டம் போட்டுச் செய்ய வேண்டும்.

நம் குற்றவாளிக்கும் இதே வழி. பேய் வரும் ராத்திரிகளில் ஒட்டுக்கடை சீக்கிரம் மூடியிருக்கும். அதை நேராக எழுதினால் மாட்டிக்கொள்வார். சாப்பாட்டு ராமனான ஆ ஹொக் வாயில் வையுங்கள். "இன்னிக்கும் மாவு தீந்துபோச்சாம்! போன மாசமும் இப்பிடித்தான், எனக்குப் பசிக்கிற அன்னிக்கெல்லாம் மாவு தீந்துடும்," என்று அவன் புலம்புவான். கவின், "ஒனக்குப் பசிக்காத நாள் எது?" என்பான். வாசகர் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். துப்பு அங்கேயே கிடக்கும்.

1929-இல் ரோனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிகிறவர் கண்ட துப்பு எதையும் வாசகரிடம் மறைக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுங்கள். அமானுஷ்யத்துக்கு இடமே கூடாது என்றும் சொன்னார். அதை நான் பாதிதான் ஏற்கிறேன். திருட்டுக்கும் அலறலுக்கும் முழு விளக்கம் வேண்டும், ஆனால் ஓரத்தில் ஒரு சின்ன விஷயம் விளக்கமில்லாமல் இருக்கட்டும். ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. கெல்லி கோட்டையைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் சொல்லும் சுரங்கக் கதைகளைக் கேட்டிருந்தால் பாதிரியார் மயங்கி விழுந்திருப்பார்.

ஒவ்வொரு துப்பும் குறைந்தது இரண்டு இடத்தில் தலைகாட்டட்டும். மூன்று பொய்த்துப்புகள் போதும். அதற்கு மேல் போனால் பத்து வயது வாசகர் கணக்கை விட்டுவிடுவார்.

ஐந்தாம் படி: யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்

அதே மெய்ப்பாட்டியல் சிரிப்புக்கும் நான்கு இடம் சொல்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன். கேலி, சிறுபிள்ளைத்தனம், அறியாமை, எதையும் அப்படியே நம்பிவிடுவது. சிறுவர் நாவலுக்குப் பின்னால் உள்ள மூன்றும் தங்கம். முதலாவதில் மட்டும் கை வைக்கும்போது கவனம் வேண்டும். குண்டுப் பையன், கறுப்புப் பெண், திக்குவாய் என்று நம் மேடை நாடகங்கள் பழக்கிவிட்ட கேலிகளை மொத்தமாக வெட்டிவிடுங்கள். குடிகாரச் சித்தப்பா தள்ளாடி வந்து பேயைப் பார்த்து உளறும் காட்சியும் வேண்டாம். பெரியவர்கள் சிரிப்பார்கள். அந்த வீட்டிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை சிரிக்காது, அதை நேரில் பார்த்திருக்கிறேன்.

கேலி மேல்நோக்கிப் போகலாம். தலைமையாசிரியரின் உரை, தோட்ட எழுத்தரான கிராணியின் மிடுக்கு, பேய் விரட்ட வந்த மந்திரவாதியின் ரசீதுப் புத்தகம். இவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் வாருங்கள்.

நம் ஊரில் மட்டும் கிடைக்கும் ஒரு சிரிப்பும் இருக்கிறது. நமக்கு மலாய், சீன, இந்திய மூன்று இனத்துப் பேய்களும் உண்டு. மலாய்ப் பெண் பேயான வாழைமரத்தடிப் பொந்தியானாக்குக்கு நாம் சொல்லும் கவசம் புரியுமா, அல்லது மலாயில் சொல்ல வேண்டுமா? இந்தக் கேள்வியை நான்காம் ஆண்டு வகுப்பில் போட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் ஓடும். பயத்தில் கவசம் மறந்துபோன பையன் திங்கட்கிழமை சபைகூடலில் சொல்லிச் சொல்லிப் பழகிய தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவை உரக்கச் சொல்லட்டும். முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்தானே! காசு திருடும் குட்டிப் பேயான தோயோல் கோலிக்குண்டைக் கண்டால் வந்த வேலையை மறந்து விளையாட உட்கார்ந்துவிடும் என்பார்கள். பிள்ளைகள் வாசலில் கோலிக்குண்டைக் கொட்டி வைக்கட்டும். அதில் வழுக்கி விழுவது யார் என்பது உங்கள் கதை. சீனர்களின் ஏழாம் மாத நாடகக் கொட்டகையில் முன்வரிசை நாற்காலிகள் ஆவிகளுக்காகக் காலியாக இருக்கும். அங்கே விவரம் தெரியாமல் போய் உட்காரும் ஒருவனை நினைத்துப் பாருங்கள்.

ஆறாம் படி: சாமியைப் பேயாக்காதீர்கள்

இது சின்னப் படி, ஆனால் தாண்டக்கூடாது. முனீஸ்வரர், மதுரைவீரன், காளியம்மா எல்லாம் தோட்டத்து மக்களுக்குக் காவல். சுருட்டும் அரிவாளும் வைத்திருப்பதால் பயமுறுத்தும் பாத்திரமாக்குவது எழுதுகிறவரின் சோம்பேறித்தனம். சீனர்கள் கும்பிடும் காவல் தெய்வமான தத்தோ கோங்கின் மாடத்துக்கும் இதே மரியாதை. பிள்ளைகள் ஓடிவந்து முனி கோயில் திண்ணையில் மூச்சுவாங்கி நிற்கட்டும். அங்கே பயம் ஓய வேண்டும்.

ஏழாம் படி: பயத்தின் அளவு

ரத்தம் வேண்டாம், பிணத்தை அருகில் காட்ட வேண்டாம். ஆனால் பயமே இல்லாமல் நீர்த்துப்போக விடவும் வேண்டாம். பெற்றோருக்குப் பயந்து ஒவ்வொரு திகிலையும் அரைப்பக்கத்தில் அவிழ்த்துவிடும் கதைகள் இந்த வயதுக்காரர்களுக்குப் பாலர்பள்ளிப் புத்தகமாகத்தான் தெரியும். கண்ணால் பார்ப்பதைத் தள்ளிப்போடுங்கள், காதும் மூக்கும் தோலும் முதலில் வேலை செய்யட்டும். பயம் ஏறி உச்சத்துக்குப் போன பிறகே சிரிப்பு. உச்சத்துக்கு ஒரு வரி முன்னால் சிரிப்பு வைத்தால் இரண்டும் போச்சு. பெரியவர் ஒருவர் எப்போதும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும், ஆனால் அவர் மர்மத்தை அவிழ்க்கக்கூடாது. நம் கதையில் பாட்டி எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிடுகிறார், யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

எட்டாம் படி: நான்காவது பயம்

அண்ணனைப் பிடித்தாகிவிட்டது. பிள்ளைகளுக்கு முதலில் கோபம், பிறகு அழுகை. ஏன் திருடினீங்க என்று தர்ஷினி கேட்கிறாள். "அந்த நோட்டீஸ நீங்க யாரும் படிக்கலியா?" என்கிறார்.

பெரட்டுக் களத்துப் பலகையில் முதல் அத்தியாயத்திலிருந்தே ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. மலாயில், நீளமாக, முத்திரையோடு. கவின் அதன் ஓரத்தில்தான் காற்பந்துக் கோல் கணக்கைப் பென்சிலால் கிறுக்கி வந்தான். தோட்டம் கைமாறுகிறது, லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. அண்ணனின் அம்மாவும் அந்த லயத்தில்தான் இருக்கிறார். வாடகை வீட்டு முன்பணத்துக்கு அவர் கண்ட வழி அது. திருட்டு திருட்டுதான், கதை அதை நியாயப்படுத்தக்கூடாது. ஆனால் இரண்டாம் தடவை வாசிக்கும் பிள்ளைக்குப் பேயைவிட அந்தத் தாள்தான் முதுகைச் சில்லிட வைக்கும்.

இதை எழுதக் கொஞ்சம் வரலாறு படிக்க வேண்டும். ஐம்பதுகளின் கடைசியில் பெரிய தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்தன. அந்த நிலைமையைச் சமாளிக்கத்தான் சுங்கை சிப்புட்காரரான அமைச்சர் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்து ஒரு பங்குப் புத்தகம் வெளியே வருவது நல்ல துப்பாகும். வரலாற்றுப் பாடமாக நாலு பக்கம் எழுதிவிடாதீர்கள். பெட்டி, புத்தகம், பாட்டியின் இரண்டு வாக்கியம், போதும்.

ஒன்பதாம் படி: மொழி

கதைசொல்லி எளிய எழுத்துத் தமிழில் போகட்டும். பாத்திரங்கள் நம் ஊர்ப் பேச்சில் பேசட்டும். மங்கு, காண்டா வாளி, ஒட்டுப்பால், மண்டோர், ஜாகா, தவுக்கே, பாசார் மாலாம் எல்லாம் வரட்டும், அடிக்குறிப்பு வேண்டாம். காண்டாவைத் தோளில் வைத்து ஒருத்தி நடக்கும் காட்சியைக் காட்டினால் பட்டணத்துப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். "லா" போடுவதில் சிக்கனம் வேண்டும், ஒவ்வொரு வசனத்திலும் போட்டால் வெளியூர்க்காரர் எழுதியதுபோல் ஆகிவிடும். சீனப் பையனின் தமிழைக் கொச்சையாக்கிச் சிரிப்பு மூட்டாதீர்கள். தோட்டத்து மளிகைக்கடைச் சீனர்கள் பலர் நம்மைவிடச் சரளமாகத் தோட்டத்துத் தமிழ் பேசியவர்கள்.

நீளத்தைப் பொறுத்தவரை, ஆங்கிலத்தில் இந்த வயதுக்கான நாவல்கள் 30,000 முதல் 50,000 சொற்கள் வரை போகும். தமிழில் விகுதியும் வேற்றுமையும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்வதால் அதே கதை குறைந்த சொல்லில் முடியும். 15,000 சொற்களைக் குறி வையுங்கள். அத்தியாயம் ஒன்று ஆயிரத்தைத் தாண்டாமல் இருந்தால் ஒரே மூச்சில் சத்தமாக வாசிக்கலாம்.

பத்தாம் படி: வாசித்துக் காட்டி வெட்டுங்கள்

முதல் பிரதி முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சத்தமாக வாசியுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், நம் பிள்ளைகள் மரியாதைக்கு நல்லா இருக்கு சார் என்பார்கள். வாசிக்கும்போதே கவனியுங்கள். எந்த இடத்தில் கால் ஆட்ட ஆரம்பிக்கிறார்கள், எந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடிக்கிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் நிறுத்தி, யார் குற்றவாளி என்று ஆளுக்கொரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லாரும் சரியாக எழுதினால் துப்பு அதிகம். ஒருவரும் எழுதாவிட்டால் நீங்கள் ஏமாற்றியிருக்கிறீர்கள். ஓரிருவர் கண்டுபிடித்து, மற்றவர்கள் அவர்களோடு சண்டை போட்டால் அளவு சரி.

அச்சுக்குப் போகும்போது ஐ.எஸ்.பி.என். எண்ணை மலேசியத் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்ட நூலில் ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும், அதையும் அச்சுச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டையில் மண்டையோடும் ரத்தச் சொட்டும் போட அச்சகத்தார் ஆசைப்படுவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள், பள்ளி நூல்நிலையத்துக்கு வாங்கும் ஆசிரியர் அட்டையைப் பார்த்தே கீழே வைத்துவிடுவார். ஒற்றைச் செருப்பையும் மேட்டில் ஒரு பங்களாவையும் வரையச் சொல்லுங்கள். விலையை ஒரு தட்டு நாசி லெமாக், ஒரு மைலோ ஐஸ் இரண்டுக்கும் ஆகும் காசுக்கு மிஞ்சாமல் வைக்கப் பாருங்கள். பள்ளிப் புத்தகச் சந்தைக்குப் பிள்ளைகள் கொண்டுவருவது பெரும்பாலும் அவ்வளவுதான்.